சென்னாவின் காரும் மருமகனின் சிறு பெட்டியும்

டொரன்டோவில் வசிக்கும் என் மருமகன் அண்மையில் ஒரு புகைப்படம் அனுப்பியிருந்தான். தனது பழைய போர்ஷே 911 காரிலிருந்து கழற்றிய சிறிய இலத்திரனியல் பெட்டியொன்று அதில் இருந்தது. அதன் இடத்தில் வேறொரு நிறுவனத்தின் பெட்டியைப் பொருத்திவிட்டானாம். “மாமா, நாலு ஷொக் அப்சோபரும் பழசுதான், ஆனா கார் புதுசு மாதிரி ஓடுது” என்று எழுதியிருந்தான். கார் ஓட்டத் தெரியாத எனக்கு அந்த வரி 1994ஆம் ஆண்டை நினைவூட்டியது.

அப்போது நான் கொழும்பில் ஒரு பத்திரிகையின் வெளிநாட்டுச் செய்திப் பகுதியில் இளையவன். அயர்டன் சென்னா இத்தாலியின் இமோலாவில் மே 1ஆம் திகதி மாண்ட செய்தியைத் தமிழாக்கும் பொறுப்பு எனக்கு வந்தது. செய்தி நிறுவனத்தின் குறிப்பில் ‘அக்டிவ் சஸ்பென்ஷன்’ என்றொரு சொல் கிடந்தது. பொருள் விளங்கவில்லை, அந்தப் பந்தியையே வெட்டிவிட்டேன். அந்த வெட்டு இன்னமும் உறுத்துகிறது.

சாதாரண காரில் சக்கரத்தின் அதிர்வை ஸ்பிரிங் தாங்க, ஷொக் அப்சோபர் அதன் துள்ளலை அடக்குகிறது. இரண்டின் இயல்பும் மாறாதது. மென்மையாக அமைத்தால் வளைவில் கார் சாயும். இறுக்கினால் பள்ளங்களில் முதுகு நோகும். பிரித்தானியாவின் லோட்டஸ் பந்தயக் குழு இந்த இக்கட்டைக் கணினியால் வெல்ல முயன்றது. சக்கரங்களின் அசைவை உணரிகள் அறிவிக்க, கணினியின் ஆணைப்படி எண்ணெய் அழுத்தம் காரின் உயரத்தை நிலையாக வைத்திருக்கும். பந்தயக் காரில் உயரம் உயிர்நாடி. அடிப்பாகத்தினூடாகப் பாயும் காற்றே அதைத் தரையோடு அழுத்துகிறது.

1983இல் பரீட்சிக்கப்பட்ட இம்முறை, 1987இல் மொனாக்கோவிலும் டெட்ரொயிட்டிலும் வென்றது. இரண்டிலும் லோட்டஸ் 99டி காரை ஓட்டியவர் இதே சென்னாதான். ஆனால் அந்த ஏற்பாடு பாரமானது. எஞ்சினின் வலுவிலும் ஒரு பங்கை உறிஞ்சியது. லோட்டஸ் அதனைக் கைவிட, வில்லியம்ஸ் குழு தன் வழியில் அதைச் செம்மைப்படுத்தியது. 1992இல் நைஜல் மான்சல் முதல் ஐந்து பந்தயங்களையும் தொடர்ச்சியாக வென்று, மொத்தம் ஒன்பது வெற்றிகளோடு உலகச் சம்பியனானார். மறு ஆண்டு அலன் புரொஸ்ட்.

இயந்திரமே வெல்கிறது, மனிதன் எதற்கு என்ற முணுமுணுப்பு எழுந்தது. செலவும் எல்லை மீறியது. 1994 பருவத்துக்கு இத்தகைய இலத்திரனியல் உதவிகள் தடைசெய்யப்பட்டன. அந்த ஆண்டுதான் சென்னா வில்லியம்ஸுக்கு வந்து சேர்ந்தார்! தான் ஆசைப்பட்ட காரின் சிறப்பு பறிக்கப்பட்ட நிலையில், எளிதில் அடங்காத ஒரு வாகனமே அவருக்குக் கிடைத்தது. விபத்துகள் மலியும் என்று பருவம் தொடங்குமுன்னரே எச்சரித்திருந்தார். இமோலாவில் ஏப்ரல் 30ஆம் திகதி ரோலண்ட் ரட்சென்பேர்கர் இறந்தார், மறுநாள் சென்னா.

தடைதான் அவரைக் கொன்றது என்று எழுத எனக்குத் துணிவில்லை. இத்தாலிய நீதிமன்றம் காரணமாகக் கண்டது, மாற்றியமைக்கப்பட்ட ஸ்டியரிங் தண்டின் முறிவையே. ஆயினும் பாதுகாப்பை எண்ணாது விதி மாற்றியவர்கள் தப்பித்துக்கொண்டார்கள் என்பதே என் எண்ணம்.

பந்தயத்தில் மூடிய கதவு வீதியில் திறந்தே இருந்தது. ஜப்பானின் டொயோட்டா சோரர் 1983இலேயே கணினி கட்டுப்படுத்தும் ஷொக் அப்சோபர்களுடன் வந்தது. 2002இல் கடிலாக் செவில் காரில் இரும்புத் துகள்கள் கலந்த திரவம் புகுந்தது. காந்தப்புலம் பட்டதும் அது மில்லிசெக்கன்களில் தடித்துவிடும். இவை லோட்டஸின் முறைபோலக் காரைத் தூக்கிப் பிடிப்பதில்லை. துள்ளலை அடக்கும் வலுவை மட்டுமே மாற்றுகின்றன. குழப்பிக்கொள்ளலாகாது.

மருமகனின் பெட்டி செய்வதும் அதுதான். போர்ஷே தந்த பொத்தானில் ‘சாதாரணம்’, ‘ஸ்போர்ட்’ என இரு நிலைகளே இருந்தன. முதியவரையும் பந்தயப் பித்தரையும் ஒருங்கே திருப்திப்படுத்த எழுதிய நிரல் அது. புதிய பெட்டி வேகம், பக்கவாட்டு விசை, ஸ்டியரிங் கோணம், பிரேக் அழுத்தம் ஆகியவற்றைப் பார்த்து ஒவ்வொரு ஷொக் அப்சோபருக்கும் தனித்தனியே மின்னோட்டம் அனுப்புகிறது. அட்டவணையின் எண்களை மடிக்கணினியில் அவனே திருத்துகிறான். நான்கு புதிய ஷொக் அப்சோபர்கள் வாங்குவதைவிடச் செலவு குறைவாம். எண்ணெய் கசியும் பழையதை எந்தப் பெட்டியாலும் காப்பாற்ற முடியாது என்பதையும் அவனே ஒப்புக்கொண்டான்.

இணைய அழைப்பில் இதையெல்லாம் விளக்கிக்கொண்டிருந்தவனிடம் சென்னாவைப் பற்றிச் சொன்னேன். 1994இல் அவன் பிறந்திருக்கவில்லை. “அந்தப் பந்தியை ஏன் மாமா வெட்டினீங்கள்?” என்று மட்டும் கேட்டான்.