மூப்பரும் அண்ணாவியாரும்



நம் கேத்திப் பள்ளத்தாக்கிலும் சுற்றியுள்ள தேயிலைத் தோட்டங்களிலும் வாழும் குடும்பங்கள் பலவற்றுக்கு இலங்கை அந்நிய நாடல்ல. 1964-ஆம் ஆண்டின் சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பின் அங்கிருந்து வந்தவர்கள், அவர்களுடைய பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் நம்மிடையே இருக்கிறார்கள். எனவே, அந்தத் தீவில் திருச்சபை அழியாமல் நின்ற வரலாற்றை இன்று நாம் சிந்திப்பது பொருத்தமே.

1658-இல் டச்சுக்காரர் போர்த்துக்கீசியரிடமிருந்து யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றினர். கத்தோலிக்கக் குருக்கள் வெளியேற்றப்பட்டனர். ஒரு குருவுக்கு வீட்டில் இடம் கொடுத்தால் மரண தண்டனை என்று ஆணை பிறந்தது. ஏறக்குறைய 30 ஆண்டுகள் அம்மக்களுக்குத் திருப்பலி இல்லை, ஒப்புரவு இல்லை. தாயும் தகப்பனும் சொல்லிக்கொடுத்த செபமும், ஒளித்துவைத்த செபமாலையும் மட்டுமே மிஞ்சின.

இந்த நிலை கோவாவில் பிறந்த ஒரு குருவின் நெஞ்சை வாட்டியது. அவரே புனித ஜோசப் வாஸ். 1687-இல் கூலியாள் வேடத்தில் அவர் இலங்கையில் கால் வைத்தார். கழுத்தில் செபமாலையோடு வீடு வீடாகப் பிச்சை கேட்டார். அதைக் கண்டதும் யாருடைய முகம் மலர்ந்ததோ, அந்த வீடு கத்தோலிக்க வீடு என்று அறிந்துகொண்டார்.

சில்லாலை போன்ற ஊர்களில் இரவில் மறைவாகத் திருப்பலி நிறைவேற்றினார். ஆனால் ஒரே ஒரு குரு எத்தனை ஊருக்குப் போக முடியும்? இன்று பிடிபட்டால் நாளை அந்த மந்தையின் கதி என்ன? ஆகவே அவர் ஊர்தோறும் பொறுப்பாளரை ஏற்படுத்தினார். மூப்பர் என்பவர் அவ்வூர்ச் சபையைக் கண்காணிப்பவர். மக்களைச் செபத்துக்குக் கூட்டுபவர். சாகும் தறுவாயில் இருப்போருக்குத் திருமுழுக்குக் கொடுப்பவர். அண்ணாவியார் என்பவர் சிறுவருக்கும் பெரியவருக்கும் மந்திரங்களையும் மறைக்கல்வியையும் சொல்லிக்கொடுப்பவர். குரு அடுத்த ஊருக்குப் போன பிறகும் அந்த ஊரில் ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமையாகவே இருந்தது.

இதற்கு அவர்கள் கொடுத்த விலை சிறிதல்ல. 1689-ஆம் ஆண்டு கிறிஸ்து பிறப்பு இரவில் யாழ்ப்பாணத்தில் டச்சு வீரர்கள் ஒரு வீட்டைச் சுற்றி வளைத்தனர். வாஸ் அடிகளார் தப்பினார்; கூடியிருந்தவர்கள் பிடிபட்டார்கள். அடிபட்டவர்களில் ஒருவர் உயிர் விட்டார். அவர் குருவல்ல, துறவியுமல்ல. குடும்ப வாழ்க்கையில் இருந்த சாதாரண விசுவாசிகளே அன்று திருச்சபையைத் தோளில் சுமந்தார்கள்.

கண்டியில் ஒற்றன் என்று சிறை வைக்கப்பட்ட போதும் அடிகளார் பணியை நிறுத்தவில்லை. 1696-இல் கோவாவிலிருந்து உடன் குருக்கள் வந்து சேர்ந்தார்கள். 1705-இல் வந்த ஜாக்கோமே கொன்சால்வஸ் அடிகளார் தமிழிலும் சிங்களத்திலும் நூல்கள் எழுதி அண்ணாவிமாரின் கையில் கொடுத்தார். 1711-இல் வாஸ் அடிகளார் கண்டியில் இறந்தார். பணி அவரோடு புதைக்கப்படவில்லை. திருத்தந்தை பிரான்சிஸ் 2015 சனவரி 14-இல் கொழும்பில் அவரைப் புனிதராக உயர்த்திய போது, பெயர் தெரியாத அந்த மூப்பர்களும் அண்ணாவிமாரும் அவரோடு மகிமை பெற்றார்கள் என்றே நாம் சொல்லுவோம்.

இது புதிய வழியன்று. புனித சவேரியார் முத்துக்குளித்துறையில் ஊருக்கு ஊர் கணக்கப்பிள்ளைகளை நியமித்து, செபம் சொல்லிக்கொடுக்கும் பொறுப்பை ஒப்படைத்தார். 1845-இல் உரோமை, மண்ணின் மைந்தரைக் குருக்களாகவும் ஆயர்களாகவும் உருவாக்க வேண்டுமென மறைபரப்பாளரை வற்புறுத்தியது. 1923-இல் திபூர்சியுஸ் ரோச் ஆண்டகை தூத்துக்குடியின் ஆயரானார். 1955-இல் நம் உதகை மறைமாவட்டம் பிறந்த போது, அதன் முதல் ஆயர் அந்தோணி படியறை ஆண்டகையும் இந்திய மண்ணில் பிறந்தவரே. யாரோ ஒருவர் கற்றுக்கொடுத்தார். கற்றவர் மற்றவருக்குக் கற்றுக்கொடுத்தார். பவுலடியார் திமொத்தேயுவுக்குச் சொன்ன அறிவுரையும் இதுதான்.

அன்பார்ந்தவர்களே, பங்குத்தந்தையர் வருவோம், மாற்றலாகிப் போவோம். மழையிலும் மூடுபனியிலும் தோட்டத்துச் சிற்றாலயத்தில் விளக்கேற்றிச் செபமாலை தொடங்குபவர் நீங்கள்தாம். ஆனால் நம் இளைஞர்கள் கோவைக்கும் திருப்பூருக்கும் இறங்கிப் போகிறார்கள். செபம் நடத்துவோரின் தலை நரைத்து வருகிறது. இன்று முன்னால் நிற்பவருக்குப் பின்னால் யார் நிற்கிறார்? மறைக்கல்வி ஆசிரியர் ஒவ்வொருவரும் ஓர் இளையவரைப் பக்கத்தில் உட்காரவைத்துப் பழக்க வேண்டும். ஒவ்வோர் அன்பியமும் இருவரைப் பயிற்சிக்கு அனுப்ப வேண்டும். வேலைக்கு இறங்கிப் போகும் பிள்ளையையும், போகிற ஊரில் ஒரு மூப்பராக, ஓர் அண்ணாவியாராக இருக்கும்படி ஆசீர்வதித்து அனுப்ப வேண்டும். கீழே போகிறவர் நம்மை விட்டுப் போனவராக இராமல், நாம் அனுப்பிய தூதராக இருக்கட்டும்.

அறுவடையின் ஆண்டவர் நம் வீடுகளிலிருந்தே வேலையாள்களை அழைப்பாராக. ஆமென்.