பழைய கருத்தும் புதிய கருத்தும்: ஷாஃபி மத்ஹபு உருவான விதம்

இமாம் முஹம்மது இப்னு இத்ரீஸ் அஷ்ஷாஃபி ஹிஜ்ரி 150இல் (கி.பி. 767) காஸாவில் பிறந்தார், மக்காவில் வளர்ந்தார், ஹிஜ்ரி 204இல் (820) எகிப்தின் ஃபுஸ்தாத் நகரில் மறைந்தார். பக்தாதில் இருந்தபோது அவர் சொன்ன சட்டக் கருத்துகளைக் ‘கதீம்’ (பழையது) என்றும், கடைசி ஐந்தாறு ஆண்டுகளில் எகிப்தில் சொன்னவற்றை ‘ஜதீத்’ (புதியது) என்றும் ஃபிக்ஹு (சட்டவியல்) நூல்கள் வகுக்கின்றன. இந்த மாற்றத்துக்கு இன்று மேடைகளிலும் நூல்களிலும் பரவலாகச் சொல்லப்படும் காரணம் ஒன்றுதான்: இராக்கின் சூழல் வேறு, எகிப்தின் சூழல் வேறு; ஊர் மாறியது, வழக்கம் மாறியது, ஆகவே சட்டமும் மாறியது. ஷரீஅத் இடத்துக்கும் காலத்துக்கும் ஏற்ப இசைந்து கொடுக்கும் என்று நிறுவ விரும்புவோர் உடனே எடுத்துக்காட்டுவது இதைத்தான். ஷரீஅத்தின் இசைவு பற்றிய கேள்வி தனியே ஆராயத்தக்கது. ஆனால் ஷாஃபியின் இரு கருத்துகள் அதற்குச் சான்றாக மாட்டா.

மஃரிபு தொழுகையின் நேரத்தை எடுத்துக்கொள்வோம். சூரியன் மறைந்ததும் மஃரிபு நேரம் தொடங்குகிறது என்பதில் பிணக்கில்லை. அது எப்போது முடிகிறது என்பதில்தான் ஷாஃபிக்கு இரு கருத்துகள். அடிவானச் செம்மை மறையும்வரை நீளும் என்பது பழையது. ஒளு செய்து, உடை சரிசெய்து, பாங்கும் இகாமத்தும் சொல்லி, ஐந்து ரக்அத் தொழப் பிடிக்கும் நேரத்தோடு முடிந்துவிடும் என்பது புதியது. பக்தாதிலும் ஃபுஸ்தாதிலும் செம்மை மறையும் நேரத்தில் பெரிய வேறுபாடு ஏதுமில்லை. எகிப்தியரின் வழக்கத்துக்கும் இதில் வேலையில்லை. ஜிப்ரீல் நபிக்குத் தொழுகை நேரங்களைக் கற்பித்த ஹதீஸில், மற்றத் தொழுகைகளுக்கெல்லாம் இரு நாளும் இரு வேறு நேரங்கள் வருகின்றன; மஃரிபுக்கு மட்டும் இரு நாளும் ஒரே நேரம். புதிய கருத்து இதன்மேல் நிற்கிறது. செம்மை மறையும்வரை நேரம் உண்டு என்று அப்துல்லாஹ் இப்னு அம்ர் வழியாக இமாம் முஸ்லிமின் ஹதீஸ் தொகுப்பில் வரும் ஹதீஸ் பழைய கருத்துக்குத் துணை. வழக்கு முழுவதும் இந்த இரண்டு அறிவிப்புகளுக்கு இடையில்தான் நடக்கிறது.

சுப்ஹு பாங்கில் தூக்கத்தைவிடத் தொழுகை மேலானது என்ற வாசகத்தைச் சேர்ப்பதும் இதைப் போன்றதே. பழைய கருத்தில் அது சுன்னத். புதிய கருத்தில் ஷாஃபி அதை விரும்பவில்லை. நபியிடம் பாங்கு கற்ற தோழர் அபூ மஹ்தூராவின் அறிவிப்பில் தமக்கு அது கிடைக்கவில்லை என்பதே அவர் காட்டிய காரணம். இந்த இரண்டிலும் பிற்கால ஷாஃபி அறிஞர்கள் பழைய கருத்துக்கே திரும்பினார்கள். ஊர்தான் சட்டத்தை மாற்றியது என்றால், சிரியாவிலும் குராசானிலும் எகிப்திலேயும் வாழ்ந்த அறிஞர்கள் பக்தாத் கருத்துக்குத் திரும்பியது ஏன்? அதற்கு வலுவான ஹதீஸ் துணை நின்றது என்பதைத் தவிர வேறு விடையில்லை.

எகிப்து ஷாஃபியை மாற்றவே இல்லை என்று இதற்குப் பொருளல்ல. அங்கே அவர் எதிர்கொண்டது மதீனாவின் இமாம் மாலிக்கின் மாணவர் வட்டத்தை. ஷாஃபியே மதீனாவில் மாலிக்கிடம் பாடம் கேட்டவர், அவருடைய நூலான முவத்தாவை மனனம் செய்தவர். மதீனாவாசிகளின் தொடர்ந்த நடைமுறை, தனி ஒருவர் வழி வரும் ஹதீஸைவிட வலுவான ஆதாரம் என்பது மாலிக்கின் பள்ளியின் நிலைப்பாடு. அதை மறுத்து அவர் எழுதியவை அல்-உம்மு தொகுப்பில் ‘இக்திலாஃபு மாலிக்’ என்ற பகுதியாக இருக்கின்றன. அதில் மாலிக்கின் தரப்பை முன்வைத்துக் கேட்பவர் ஷாஃபியின் மாணவரான ரபீஉ அல்முராதீ. நீங்களே அறிவித்த ஹதீஸை நீங்களே விட்டுவிடுவது எந்த ஆதாரத்தால் என்று ஷாஃபி திரும்பத் திரும்ப வினவுகிறார். சட்ட மூலங்களை ஒழுங்குபடுத்திய அர்ரிஸாலாவை அவர் திருத்தி எழுதியதும் எகிப்தில்தான். நமக்குக் கிடைப்பது அந்த இரண்டாம் வடிவமே. ஆக, எகிப்து அவருக்குத் தந்தது புதிய எதிர்வாதிகளை. அந்த வாதத்தில் அவருடைய முறை கூர்மையடைந்தது. முறை கூர்மையடைந்தபோது சில முடிவுகள் மாறின.

அவர் மறைந்தபோது ‘ஷாஃபி மத்ஹபு’ என்று ஒன்று இருக்கவில்லை. பக்தாதில் ஸஅஃபரானீ போன்றோரிடம் பழைய நூல்கள் இருந்தன. எகிப்தில் புவைத்தீ, முஸனீ, ரபீஉ ஆகியோரிடம் புதியவை இருந்தன. தம் அவையை நடத்த ஷாஃபி தேர்ந்த புவைத்தீ, குர்ஆன் படைக்கப்பட்டது என்று ஒப்புக்கொள்ள மறுத்ததற்காக அப்பாசியக் கலீஃபாவின் ஆணைப்படி விலங்கிட்டுப் பக்தாதுக்குக் கொண்டுசெல்லப்பட்டு, 231இல் (846) சிறையிலேயே இறந்தார். முஸனீ (இ. 264) எழுதிய முக்தஸர்தான் மத்ஹபின் அடிப்படைப் பாடநூலாயிற்று. அந்த நூல், ஷாஃபி தம்மையோ பிறரையோ கண்ணை மூடிக்கொண்டு பின்பற்றுவதைத் தடுத்தார் என்ற அறிவிப்போடு தொடங்குகிறது. முஸனீ அதைச் சடங்குக்காகச் சொல்லவில்லை. பல இடங்களில் ஆசிரியரோடு வெளிப்படையாக மாறுபடுகிறார். பக்தாதில் இப்னு சுரைஜ் (இ. 306/918) இந்த நூலை வைத்து ஒரு தலைமுறை மாணவர்களைப் பயிற்றுவித்தபோதுதான் மத்ஹபு ஓர் அமைப்பாகக் கால்கொண்டது என்கிறார் ஆய்வாளர் கிறிஸ்டோபர் மெல்சர்ட். எழுதப்பட்ட நூலைச் சுற்றி விளக்கமும் விமர்சனமும் வளர்ந்ததே தொடக்கம் என்பது அஹ்மத் அல்ஷம்ஸியின் வாதம். இரண்டையும் சேர்த்துப் பார்ப்பதே சரியென்று எனக்குப் படுகிறது. நூலில்லாத பயிற்சியும் பயிற்சியில்லாத நூலும் ஒரு பள்ளியைத் தோற்றுவித்திருக்க முடியாது.

ஹதீஸ் சரியானதென்றால் அதுவே என் மத்ஹபு என்று ஷாஃபி சொன்னதாக வரும் கூற்று பெரும் புகழ் பெற்றது. தமிழகத்தில் 1980களிலிருந்து எழுந்த மத்ஹபு மறுப்புப் பிரசாரத்திலும் அது அடிக்கடி முன்வைக்கப்பட்டது. மத்ஹபின் அறிஞர்கள் இந்தக் கூற்றை மறைக்கவில்லை, தகீயுத்தீன் சுப்கீ (இ. 756/1355) இதன் பொருளை ஆராயத் தனி நூலே எழுதினார். ஆனால் அவர்கள் ஓர் எச்சரிக்கையையும் சேர்த்தார்கள். ஷாஃபியின் மக்கா மாணவரான இப்னு அபில் ஜாரூத், இரத்தம் குத்தி எடுப்பவர், எடுத்துக்கொள்பவர் இருவரின் நோன்பும் முறியும் என்ற ஹதீஸ் சரியானது, எனவே இதுவே ஷாஃபியின் கருத்து என்று அறிவித்துவிட்டார். மற்றவர்கள் மறுத்தார்கள். ஷாஃபி அந்த ஹதீஸை அறிந்தவர். அது பிற்கால ஹதீஸால் மாற்றப்பட்டுவிட்டது என்று காரணத்தோடு விட்டவர். ஒரு ஹதீஸ் சரியானது என்று கண்டால் மட்டும் போதாது, இமாம் அதை அறிந்திருந்தாரா, அறிந்தும் ஏன் விட்டார் என்பதையும் தேடியாக வேண்டும். இந்தத் தேடலைச் செய்யத் தகுதி வேண்டும் என்று இப்னுஸ் ஸலாஹும் நவவீயும் வற்புறுத்தியது அறிவுப் பொறுப்பால்தான். அதைக் குருட்டுப் பற்று என்று தள்ளுவது நியாயமாகாது.

இந்தப் பொறுப்பு எப்படிச் செயல்பட்டது என்பதற்கு நவவீ (இ. 676/1277) எழுதிய மின்ஹாஜு நல்ல சான்று. ராஃபிஈயின் முஹர்ரரைச் சுருக்கிய பாடநூல் அது. முன்னுரையில் தாம் கையாளும் குறிச்சொற்களை அவர் விளக்குகிறார். ‘அழ்ஹர்’ என்று எழுதினால், ஷாஃபியின் கருத்துகளுள் இது மேலோங்கியது, ஆனால் எதிர்க்கருத்தும் வலுவானது. ‘மஷ்ஹூர்’ என்றால் எதிர்க்கருத்து வலுவற்றது. ஷாஃபியுடையவை அல்லாமல் அவருடைய மரபில் வந்த அறிஞர்களின் கருத்துகளுக்கு இதே ஏற்றத்தாழ்வோடு ‘அஸஹ்’, ‘ஸஹீஹ்’. ஒரே சொல்லில் தீர்ப்பும் கிடைக்கிறது; தோற்ற கருத்து யாருடையது, எவ்வளவு வலுவுடையது என்பதும் கிடைக்கிறது. மஃரிபு பற்றிய இடத்தில் இரு கருத்துகளையும் சொல்லிவிட்டு, தம் பெயரில் ஒரு சொல் சேர்த்துப் பழையதே அழ்ஹர் என்கிறார். பத்தாம் நூற்றாண்டோடு இஜ்திஹாதின் (மூலங்களிலிருந்து சுயமாகச் சட்டம் காணும் முயற்சியின்) வாயில் அடைபட்டது என்ற ஜோசப் ஷாக்ட்டின் சித்திரத்தை வாஇல் ஹல்லாக் 1984இல் மறுத்தபோது, ஆய்வுலகம் அதைப் புதிய செய்தியாகக் கேட்டது. மின்ஹாஜின் மாணவனுக்கு அது நாள்தோறும் படித்த பாடம்.

அரசும் தன் பங்கைச் செய்தது. செல்ஜூக் அமைச்சர் நிஸாமுல் முல்க் 1067இல் பக்தாதில் திறந்த மதரஸா ஷாஃபிகளுக்கானது. 1265இல் சுல்தான் பைபர்ஸ் கெய்ரோவில் நான்கு மத்ஹபுகளுக்கும் தனித்தனித் தலைமைக் காழிகளை நியமித்தார். ஆதரவு கிடைத்த பள்ளி நிலைத்தது, கிடைக்காதவை சில மறைந்தன. ஆனால் பள்ளிக்குள் எந்தக் கருத்து வெல்ல வேண்டும் என்பது ஆசிரியர்களின் கையிலேயே இருந்தது.

பதினாறாம் நூற்றாண்டில் மின்ஹாஜுக்கு இரு பெரும் விரிவுரைகள் தோன்றின: மக்காவில் இப்னு ஹஜர் ஹைத்தமீயின் துஹ்ஃபா, கெய்ரோவில் ரம்லீயின் நிஹாயா. எகிப்தியர் பெரும்பாலும் ரம்லீயையும், ஹழ்ரமவ்த் அறிஞர்கள் இப்னு ஹஜரையும் சார்ந்து ஃபத்வா வழங்கினார்கள். அரபுக் கடல் வணிகத்தின் வழி ஷாஃபி ஃபிக்ஹு வேரூன்றிய மலபாரிலும் காயல்பட்டினம், கீழக்கரை போன்ற தமிழ்க் கடலோர ஊர்களிலும் இந்த மரபே பாடமாயிற்று. பொன்னானியின் ஸைனுத்தீன் மக்தூம் எழுதிய ஃபத்ஹுல் முஈனில் ‘நம் ஷைகு’ என்று வருமிடத்தில் குறிக்கப்படுபவர் இப்னு ஹஜர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் மக்காவின் ஸையித் பக்ரீ, இந்த மலபார் நூலுக்கு இஆனத்துத் தாலிபீன் என்ற விரிவுரை எழுதினார். இப்னு ஹஜரும் ரம்லீயும் பிரியும் இடங்களை அவர் அதில் எடுத்துக்காட்டுகிறார்.