கடைசி ஆறு மில்லிமீட்டர்

இன்னைக்கு இன்சுலின் பம்ப் வரலாறு. மெஷினை விட, அது நம்ம உடம்புக்குள்ள நுழையுற கடைசி ஆறு மில்லிமீட்டரைப் பத்திதான் அதிகம் பேசப்போறேன்.

டைப் 1 சர்க்கரை நோயில் உடம்பு இன்சுலின் சுரப்பது கிட்டத்தட்ட நின்றுவிடும். 1922 ஜனவரியில் டொரன்டோவில் 14 வயது லெனார்ட் தாம்சனுக்கு இன்சுலின் போட்டதிலிருந்து ஊசிதான் வழி. ஆனா ஆரோக்கியமான கணையம் நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமா சுரக்கும். ஊசியால அப்படிச் செய்ய முடியாது. பம்ப் பிறந்தது அதுக்காகத்தான்.

1960களின் தொடக்கத்தில் லாஸ் ஏஞ்சலஸில் ஆர்னால்ட் கடிஷ் என்ற மருத்துவர் உருவாக்கிய கருவியை முதுகில் சுமக்கணும். 1978-ல் லண்டன் கைஸ் மருத்துவமனையின் ஜான் பிக்கப், ஹாரி கீன் குழு, உடம்போடு மாட்டிக்கிற சின்ன பம்ப் வழியா தோலுக்கடியில் இடைவிடாமல் இன்சுலின் செலுத்திக் காட்டியது. அடுத்த வருஷமே அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகக் குழுவும் இதைச் செய்தது. 1993-ல் வெளியான டி.சி.சி.டி ஆய்வில் 1,441 பேர். பம்ப் வழியாகவோ, தினமும் மூணு முறைக்குக் குறையாத ஊசி வழியாகவோ சர்க்கரையை இறுக்கிப் பிடித்தவர்களுக்குக் கண், சிறுநீரகம், நரம்பு பாதிப்புகள் நன்றாகவே குறைந்தன.

முதுகுச் சுமை பாக்கெட்டுக்கு வந்தாச்சு. தோலுக்குள்ள போறது?

ஆரம்பத்தில் மெல்லிய உலோக ஊசி. பிறகு டெஃப்லான் குழாய் வந்தது: ஊசி அதை உள்ளே கொண்டுபோய் விட்டுட்டு வெளியே வந்துடும். இதுதான் இன்ஃபியூஷன் செட். பெரும்பாலான செட்டை ரெண்டு மூணு நாளைக்கு ஒருமுறை வேற இடத்துல மாத்தணும். குத்துவதற்கு ஸ்பிரிங் வைத்த இன்செர்ட்டரும் வந்தது. அழுத்தினா 'டப்', வேலை முடிஞ்சது.

அப்புறமும் ஏன் பலர் கையாலேயே குத்துறாங்க? அந்த 'டப்' சத்தமே சிலருக்குப் பயம். ஒல்லியானவர்களுக்குச் சாய்வா, 30 முதல் 45 டிகிரியில் போடுற செட் உண்டு. அங்கே கோணத்தைக் கையே பார்த்துக்கும். உலோக ஊசி செட்டை நேரா விரலால் அழுத்தினா போதும், மடங்காது.

நான் சாஃப்ட்வேர் எழுதுறவன். என்னை உறுத்துறது இதுதான்: இத்தனை யூனிட் கொடுத்தாச்சுன்னு பம்ப் எழுதி வெச்சுக்கும். உண்மையில் அதுக்குத் தெரிஞ்சது மோட்டார் எவ்வளவு நகர்ந்ததுன்னு மட்டும்தான். குழாய் அடைச்சா அழுத்தம் கூடி அலாரம் அடிக்கும், அதுவும் தாமதமா. தோலுக்கு வெளியே கசிஞ்சா அலாரமே வராது.

பம்பில் பொதுவா வேகமா வேலை செய்யும் இன்சுலின் மட்டும்தான். உடம்பில் வேற சேமிப்பு கிடையாது. குழாய் உள்ளே மடங்கிடுச்சுன்னா, சில மணி நேரத்துல சர்க்கரை ஏறி, கீட்டோன் சேர்ந்து உயிருக்கே ஆபத்தாகலாம். அதனாலதான் தூங்கப் போறதுக்கு முன்னாடி செட் மாத்தாதீங்க, மாத்தின ஒண்ணு ரெண்டு மணி நேரத்துல சர்க்கரையைப் பாருங்கன்னு சொல்லிக் கொடுக்கிறாங்க.

எல்லா செட்டையும் கையால் போட முடியாது. உங்க செட் எந்த வகைன்னு டாக்டர்கிட்ட கேட்டுக்கோங்க. ஸ்பிரிங்கோ கையோ, இன்சுலின் உள்ளே போச்சான்னு கடைசியில் பார்க்க வேண்டியது மனுஷன்தான். அறுபது வருஷ பம்ப் வரலாறு அந்த வேலையை இன்னும் நம்மகிட்ட இருந்து முழுசா வாங்கிக்கல.

அடுத்த எபிசோடில் சந்திப்போம்!