ஒகேனக்கல்லும் சேவாத்தூரும்: 160 கோடி வருஷ இடைவெளியில ரெண்டு கல்

மத்திகிரி பக்கம் இருக்கறவங்களுக்கு கல் புதுசில்ல மக்களே. கிரானைட் பாளம் ஏத்தின லாரி பின்னாடி பைக்ல ஊர்ந்து போகாதவங்க யாரு? ஆனா அதெல்லாம் மேலோட்டுக் கல். அதுக்குக் கீழ, 35-40 கி.மீ. ஆழத்துல ஆரம்பிக்கிற மேன்டில் பத்தி அது பெருசா ஒண்ணும் சொல்லாது. அதைக் கேக்கணும்னா ஒகேனக்கல்லுக்கோ, திருப்பத்தூர் பக்கம் சேவாத்தூருக்கோ போகணும். ரெண்டு இடத்துலயும் இருக்கறது கார்பனடைட். பாத்தா சுண்ணாம்புக்கல் மாதிரியே இருக்கும், ஆனா மேன்டில்ல உருகி, மேல வர்ற வழியில உறைஞ்ச கல்.

சுண்ணாம்பு எப்படிய்யா குழம்பாகும்னு உலகமே கேட்டது. நார்வேயோட ஃபென் பகுதியை வச்சு ப்ரோகர் 1921ல சொன்னப்போ பல பேர் ஒத்துக்கல. 1960ல இன்றைய டான்சானியாவுல ஓல்டோன்யோ லெங்காய் எரிமலை கார்பனேட் குழம்பைக் கக்கறதை டாசன் நேர்லயே பாத்தார். (அது சோடா கலந்த வகை, நம்மூர் கல் கால்சியம் வகை.) அதுக்கப்புறம் எதிர்ப்பு அடங்கிப்போச்சு.

சரி, மேட்டருக்கு வருவோம். சமாரியம்-147 சிதைஞ்சு நியோடிமியம்-143 ஆகும். பாதி சிதையவே 10,600 கோடி வருஷம்! மேன்டில் கொஞ்சமா உருகினா, சமாரியத்தைவிட நியோடிமியம்தான் அதிகமா குழம்போட கிளம்பும். அந்தக் குழம்பு ஊறிப்போன பாறையில சமாரியம் பங்கு கம்மி, அதனால அங்க நியோடிமியம்-143 மெதுவாத்தான் ஏறும். பின்னாடி அந்தப் பாறையிலேர்ந்து ஒரு கல் பிறந்தா, அன்னிய தேதி கணக்கு அதுல பதிவாயிடும். நம்ம பாஷையில சொன்னா லாக் ஃபைல் :-)

ஹைதராபாத் என்.ஜி.ஆர்.ஐ.யோட அனில் குமார், சரண், கோபாலன், கூட அமெரிக்காவோட மக்டூகல், இவங்க 1998ல ரெண்டு ஊர் லாக்கையும் பக்கத்துல வச்சுப் பாத்தாங்க. ஒகேனக்கல் கல்லுக்கு சுமார் 240 கோடி வயசு. சேவாத்தூருக்கு 77 கோடி. ஆனா முதல் கணக்கை அப்படியே 160 கோடி வருஷம் ஓடவிட்டா ரெண்டாவது கணக்கு வருது! ஸ்ட்ரான்சியமும் அதையேதான் சொல்லுது. அதாவது, ஊறிப்போன அதே மாதிரி மேன்டில், சுத்தியிருக்கறதோட கலக்காம அத்தனை காலம் தாக்குப்பிடிச்சிருக்கு. கடலுக்கடியில மேன்டில் ஓயாம கலங்கிக்கிட்டே இருக்கும். கண்டத்துக்கு அடியில மட்டும் ஒரு பகுதி வேர் மாதிரி ஒட்டிக்கிட்டு, கண்டம் போற இடத்துக்கெல்லாம் கூடவே போகும்.

ரெண்டே புள்ளியை வச்சு கோடு போடலாமான்னு கேட்டா, நியாயமான கேள்விதான். மூணாவது புள்ளி நம்ம கிருஷ்ணகிரி மாவட்டத்துலயே இருக்கு, ஊத்தங்கரை பக்கம் சாமல்பட்டியில. ஆனா அங்க மேலோட்டுச் சரக்கு கலந்து லாக்கைக் கெடுத்து வச்சிருக்கு.