வானொலிச் சிந்தனை: குரலுக்குக் கீழே ஒரு குரல்



'சொத்தோ வோச்சே' என்பது இத்தாலியச் சொல். நம் மாவட்டத்து ஆவூரோடு சேர்த்துப் பேசப்படும் வீரமாமுனிவர் பிறந்த நாட்டின் மொழி அது. 'குரலுக்குக் கீழே' என்று பொருள். சுருதியை இறக்கிப் பாடுவது என்று எண்ண வேண்டாம். சுருதி அதேதான்; குரலை அடக்கிப் பாட வேண்டும்.

1791 ஜூன் மாதம். ஆஸ்திரியாவின் பாடன் என்ற சிற்றூரில் பங்குப் பாடகர் குழுவை நடத்திய ஆன்டன் ஸ்டோல் என்பவருக்காக மோட்சார்ட் ஒரு நற்கருணைப் பாடல் அமைத்தார். 'ஆவே வேரும் கோர்ப்புஸ்' என்பது அதன் பெயர். கிறிஸ்துவின் திருவுடல் பெருவிழாவுக்கான அப்பாடலில் 46 தாளக் கட்டங்களே உண்டு. அதன் தொடக்கத்தில் அவர் எழுதிய குறிப்பு 'சொத்தோ வோச்சே'. அவ்வாண்டு டிசம்பர் 5-ல் அவர் இறந்தார். பெரிய அரங்குகளுக்கு இசை எழுதியவர், ஓர் ஊர்க்கோவில் குழுவிடம் கேட்டது அடக்கத்தைத்தான்.

திருப்பலியிலும் தாழ்குரலுக்கு நெடிய வரலாறு உண்டு. இலத்தீன் திருப்பலியின் நடுப்பகுதி மன்றாட்டைக் குருவானவர் மக்களுக்குக் கேட்காதபடி சொல்வார். அவ்வழக்கத்தைத் திரிதெந்து பொதுச்சங்கம் 1562-ல் ஆதரித்தது. இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பின், 1967-ல், அதை உரக்கச் சொல்ல அனுமதி கிடைத்தது. மக்கள் கேட்டு, புரிந்து, 'ஆமென்' சொல்ல வேண்டும் அல்லவா? ஆனாலும் நற்செய்தி வாசிக்குமுன்பும், நற்கருணை உட்கொள்ளுமுன்பும் குருவானவர் இன்றும் மெதுவாகவே செபிக்கிறார். அறிவிக்க வேண்டியதை உரக்க அறிவிக்கிறோம். உள்ளத்தில் இறைவனோடு பேச வேண்டியதை மெல்லப் பேசுகிறோம். திருச்சபைக்கு இரண்டும் வேண்டும்.

சாமுவேலின் தாய் அன்னாவை நினைத்துப் பாருங்கள். உதடுகள் மட்டும் அசைந்தன, குரல் வெளிவரவில்லை. குரு ஏலி அவள் குடித்திருப்பதாக எண்ணினார். ஆண்டவரோ அவள் மன்றாட்டைக் கேட்டார்.

இன்று நம் கோவில்களில் ஒலிபெருக்கி இருக்கிறது, கீபோர்டு இருக்கிறது. திருவிழாவில் உரக்கப் பாடுவோம், அது நம் மகிழ்ச்சி. ஆனால் நற்கருணை வாங்கித் திரும்பும் ஒரு தாய், கடனையோ பிள்ளையின் நோயையோ இயேசுவிடம் சொல்லத் தொடங்கும் நேரத்தில், நம் பாட்டு அவள் செபத்தை மூழ்கடிக்கலாமா? பாடகர் குழுவினரே, அந்த நேரம் ஒலியைச் சற்றுக் குறையுங்கள். ஒரு பாடல் முடிந்ததும் அடுத்ததை உடனே எடுக்காதீர்கள். அவள் சொல்லி முடிக்கட்டும்.

இறைவன் உங்களை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.