ஒற்றைக்கு ஒற்றை ஆட்டப் பயிற்சி (இளையோர் கால்பந்து)

கால்பந்தில் பந்தை வைத்திருக்கும் ஒருவரும் அவரைத் தடுக்கும் ஒருவரும் நேருக்கு நேர் மோதும் நிலை ஒற்றைக்கு ஒற்றை ஆட்டம் எனப்படும். அணிக்குப் பதினொருவர் ஆடும் ஆட்டத்தின் போக்கையும் இந்தச் சிறு மோதல்கள் மாற்றிவிடும். தாக்குபவர் தம் எதிராளியைக் கடந்துவிட்டால், அவரை நிறுத்த இன்னொரு தடுப்பாளர் தம் இடத்தை விட்டு வர வேண்டியிருக்கும். அப்போது அந்த இடத்தில் தாக்கும் அணியின் மற்றொரு வீரர் கண்காணிப்பின்றி நிற்பார். தடுப்பவர் வென்றால், முன்னேறி வந்த அணியின் பின்புறம் திறந்து கிடக்கும். எனவே இளையோர் பயிற்சியில், குறிப்பாக 6 முதல் 12 வயது வரை, இரு பக்கத் திறன்களுக்கும் சம இடம் தர வேண்டும்.

வரலாறு

எதிராளியை ஏமாற்றிக் கடக்கும் திறன் பிறவியிலேயே அமைவது என்ற எண்ணம் நெடுங்காலம் நிலவியது. அதைப் படிப்படியாகக் கற்பிக்க முடியும் என்று வாதிட்டவர்களில் முதன்மையானவர் நெதர்லாந்தைச் சேர்ந்த வில் கூர்வர் (1924–2011). கெர்க்ராடே நகரில் பிறந்த இவர், 1956இல் நெதர்லாந்துப் பட்டத்தை வென்ற ராப்பிட் ஜேசி அணியில் ஆடியவர். பயிற்சியாளராக ஃபெயனூர்ட் அணிக்கு 1973–74 பருவத்தில் உள்நாட்டுப் பட்டத்தையும் யூஈஎஃப்ஏ கோப்பையையும் பெற்றுத் தந்தார். அக்கோப்பையை வென்ற முதல் நெதர்லாந்து அணி அதுவே.

பெரிய ஆட்டக்காரர்களின் அசைவுகளைப் படச்சுருள்களில் பார்த்து, ஒவ்வொன்றையும் சிறுவர்கள் பழகத்தக்க பகுதிகளாகக் கூர்வர் பிரித்தார். இவருடைய சிந்தனையால் ஈர்க்கப்பட்ட ஆல்ஃபிரட் கலுஸ்டியனும் செல்சி அணியின் முன்னாள் வீரர் சார்லி குக்கும் 1984இல் ‘கூர்வர் கோச்சிங்’ என்ற பயிற்சித் திட்டத்தைத் தொடங்கினர். பந்தின் மீதான ஆளுமை அடித்தளத்தில் அமைய, அதன் மேல் பந்தை வாங்குதல், அனுப்புதல், ஒற்றைக்கு ஒற்றை, வேகம், கோல் அடித்தல், குழு ஆட்டம் என்று அடுக்கப்படும் வரிசை பல நாடுகளுக்குப் பரவியது.

தாக்கும் திறன்கள்

தாக்குபவர் எதிராளியைக் கடக்கும் செயலில் நான்கு கட்டங்கள் உண்டு: அணுகுதல், போக்குக் காட்டுதல், திசை மாற்றுதல், விலகி ஓடுதல்.

அணுகும்போது பந்து காலுக்கு அருகிலேயே இருக்க வேண்டும். தலை நிமிர்ந்திருக்க வேண்டும். தடுப்பவரை நோக்கி நேராகச் சென்றால்தான் அவர் இடப்புறம், வலப்புறம் இரண்டையும் காக்க வேண்டிய நெருக்கடிக்கு உள்ளாவார். போக்குக் காட்டும் அசைவை ஏறத்தாழ இரண்டு மீட்டர் தொலைவில் தொடங்குவது வழக்கம். முன்கூட்டியே செய்தால் தடுப்பவர் சுதாரித்துக்கொள்வார். மிக நெருங்கிச் செய்தால் பந்து அவர் காலுக்கு எட்டிவிடும். தடுப்பவரின் எடை ஒரு காலுக்கு மாறும் கணத்தில் பந்தை மறுபக்கம் தள்ள வேண்டும். பிள்ளைகள் பெரும்பாலும் மறப்பது நான்காம் கட்டத்தைத்தான். கடந்த பின் முதல் இரண்டு மூன்று அடிகளில் வேகத்தைக் கூட்டித் தடுப்பவரின் ஓட்டப் பாதைக்குள் குறுக்கே புகுந்துவிட்டால், அவர் பின்னாலிருந்து பந்தை எட்ட முடியாது.

பயிற்சிகளில் கற்பிக்கப்படும் அசைவுகள் சில, அவற்றைப் புகழ்பெறச் செய்தவர்களின் பெயரால் வழங்குகின்றன. இங்கிலாந்தின் ஸ்டான்லி மேத்யூஸ் உடலை உட்பக்கம் சாய்த்துவிட்டு, காலின் வெளிப்புறத்தால் பந்தைக் கோட்டோரமாகத் தட்டிச் செல்வார். பந்தைப் பாதத்தின் அடிப்பகுதியால் பின்னிழுக்கும் அசைவு, 1953 நவம்பர் 25 அன்று வெம்பிளியில் ஹங்கேரி இங்கிலாந்தை 6–3 என வென்ற ஆட்டத்தோடு சேர்த்துப் பேசப்படுகிறது. அன்று ஃபெரன்ட்ஸ் புஷ்காஷ் பந்தை இழுத்துக்கொள்ள, இங்கிலாந்துத் தலைவர் பில்லி ரைட் சறுக்கியபடி கடந்துபோனார். பந்தை உதைப்பதுபோல் ஓங்கி, நின்ற காலுக்குப் பின்னால் திருப்பும் ‘க்ரைஃப் திருப்பம்’ 1974 ஜூன் 19 அன்று டார்ட்மண்டில் நடந்த உலகக் கோப்பை ஆட்டத்தில் ஸ்வீடனின் யான் ஒல்சனுக்கு எதிராக வெளிப்பட்டது.

பிள்ளைகளுக்கு இருபது அசைவுகளை மேலோட்டமாகச் சொல்லித்தருவதைவிட, ஒவ்வொரு காலுக்கும் ஒன்றிரண்டை ஐயமறப் பழக்குவது நல்லது. வலது ஓரத்திலிருந்து உள்ளே வெட்டி இடது காலால் அடிக்கும் ஆர்யென் ராபனின் உத்தியைத் தடுப்பாளர்கள் எல்லோரும் அறிந்திருந்தனர். அறிந்தும் நிறுத்தத் திணறினர். அவருடைய பலம் வேக மாற்றத்திலும் தருணத்திலும் இருந்தது.

தடுக்கும் திறன்கள்

தடுப்பாட்டத்தைப் பந்து பறித்தல் என்று மட்டும் கற்பித்தால் பிள்ளைகள் காலை நீட்டிப் பாயத் தொடங்கிவிடுவார்கள். தடுப்பவரின் கடமைகளுக்கு ஒரு முன்பின் வரிசை உண்டு. பந்து எதிராளிக்குப் போகும் வழியிலேயே மறிக்க முடிந்தால் மறிக்க வேண்டும். இயலாவிட்டால் அவர் கோலை நோக்கித் திரும்பாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். திரும்பிவிட்டால் வேகத்தைக் குறைத்து, சக வீரர்கள் வந்து சேரும்வரை தாமதப்படுத்த வேண்டும். பந்தைப் பறிப்பது வாய்ப்பு கனிந்த பின்புதான்.

பந்து எதிராளியை நோக்கிப் பயணிக்கும்போது முழு வேகத்தில் ஓடி, கடைசி மூன்று மீட்டரில் குறுகிய அடிகளாக மாற்றி நிதானிக்க வேண்டும். ஒரு கால் முன்னும் ஒரு கால் பின்னுமாகப் பக்கவாட்டில் நின்று, முழங்காலை மடித்து, எடையைப் பாதத்தின் முன்பகுதியில் வைக்க வேண்டும். இடைவெளி ஏறத்தாழ ஒரு கை நீளம் போதும். எதிராளியின் தோளும் கண்ணும் பொய் சொல்லும் என்பதால் பார்வை பந்தின் மீதே இருக்க வேண்டும். நிற்கும் கோணத்தால் அவரைக் கோட்டோரத்துக்கோ பழக்கமற்ற காலின் பக்கமோ தள்ளலாம்.

2019 மார்ச் 31 அன்று லிவர்பூல்–டாட்டன்ஹாம் ஆட்டத்தில் வர்ஜில் வான் டைக் தனியாளாக இருவரை எதிர்கொண்டார். சோன் ஹியுங்-மின்னுக்குப் பந்து போகும் வழியை அடைத்தபடியே பின்வாங்கி, மூசா சிசோக்கோவை இடது காலால் அடிக்க வைத்தார். பந்து கம்பத்துக்கு மேலே பறந்தது. பந்தைத் தொடாமலேயே ஒரு தாக்குதலை முறியடிக்க முடியும் என்பதற்கு அது தெளிவான சான்று.

பறிக்கும் தருணத்தை மூன்று அறிகுறிகள் காட்டும்: தாக்குபவர் பந்தை நீளமாகத் தட்டிவிடுதல், தலையைக் குனிதல், கோலுக்கு முதுகு காட்டி நிற்றல். சட்ட வரம்புகளையும் இந்தக் கட்டத்திலேயே சொல்லித்தர வேண்டும். ஆட்ட விதி 12இன்படி கவனமின்றிச் செய்யும் டாக்கிளுக்கு ஃப்ரீ கிக், விளைவை எண்ணாமல் செய்வதற்கு மஞ்சள் அட்டை, அளவு மீறிய பலத்துக்குச் சிவப்பு அட்டை.

பயிற்சி வடிவங்கள்

ஆட்டத்தில் எதிராளி எப்போதும் எதிரிலேயே வந்து நிற்பதில்லை. அதனால் பயிற்சியில் நான்கு நிலைகளை மாற்றி மாற்றி அமைப்பர்: நேருக்கு நேர், பக்கவாட்டிலிருந்து நெருங்குதல், தடுப்பவரை முதுகில் தாங்கியபடி பந்தை வாங்கித் திரும்புதல், பின்னாலிருந்து துரத்துதல்.

அடிப்படை வடிவத்துக்கு 10 மீட்டர் அகலமும் 15 மீட்டர் நீளமும் கொண்ட கட்டம் போதும். தடுப்பவர் பந்தை அனுப்பிவிட்டு நெருங்குவார். தாக்குபவர் எதிர்க்கோட்டைப் பந்தோடு கடக்க வேண்டும். பந்தைப் பறித்தால் தடுப்பவரும் மறுகோட்டை நோக்கி ஓடலாம். இந்தக் கடைசி விதியால் இருவரும் இரு வேலைகளையும் பழகுவார்கள். கோட்டுக்குப் பதில் இரண்டு மூலைகளிலும் சிறு கோல்கள் வைத்தால் திசை மாற்றம் கூடும். கட்டத்தை அகலமாக்கினால் தாக்குபவருக்கும், குறுக்கினால் தடுப்பவருக்கும் சாதகம்.

ஒரு மோதல் 10 முதல் 20 வினாடிக்குள் முடிந்துவிட வேண்டும். முழுத் திறத்தோடு ஆட ஓய்வு தேவை; ஆனால் ஓய்வு நீண்ட வரிசையில் காத்திருப்பதாக மாறிவிடக் கூடாது. நான்கு பிள்ளைகளுக்கு ஒரு கட்டம் என்று பல கட்டங்களை அமைத்தால் ஒவ்வொருவரும் பலமுறை ஆடலாம்.

வயதும் உடலும்

6 முதல் 8 வயதுப் பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு பந்தும் துரத்தல் விளையாட்டுகளும் ஏற்றவை. 9 முதல் 12 வயதில் அசைவுகளையும் தடுக்கும் நிலையையும் விளக்கமாகக் கற்பிக்கலாம். அதன் பின் இருவருக்கு இருவர், மூவருக்கு இருவர் என்று விரித்து, கடப்பதா அனுப்புவதா என்ற முடிவைப் பிள்ளைகளிடமே விடலாம்.

போட்டி அமைப்புகளும் இந்தத் திசையில் மாறியுள்ளன. அமெரிக்காவில் 2017 முதல் 8 வயது வரையிலானோர் கோல்காப்பாளர் இன்றி நால்வர் அணியாக ஆடுகின்றனர். ஜெர்மனியில் 2024–25 பருவம் முதல் மிக இளையோர் இருவர் அல்லது மூவர் அணிகளாக, நான்கு சிறு கோல்கள் கொண்ட களத்தில் ஆடுவது நடைமுறைக்கு வந்தது. ஹார்ஸ்ட் வைன் வகுத்த ‘ஃபுனினோ’ ஆட்டம் இதற்கு முன்னோடி. ஆட்கள் குறையும்போது ஒவ்வொரு பிள்ளையும் பந்தோடு எதிராளியைச் சந்திக்கும் முறைகள் பெருகுகின்றன.

ஒரே வயதினரிடையே உடல் வளர்ச்சி பெரிதும் வேறுபடும். முன்னதாக வளர்ந்த பிள்ளை உயரத்தாலும் வேகத்தாலும் வென்று நுட்பத்தைக் கற்காமலே போகலாம். பின்தங்கி வளரும் பிள்ளை மனம் தளரலாம். இணைகளை உடல் அளவு பார்த்து அமைப்பதும் அடிக்கடி மாற்றுவதும் இருவருக்கும் நன்மை. திடீர்த் திருப்பங்கள் முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் சுமை தருவதால் முறையான உடல் தயாரிப்பு கட்டாயம். 14 வயது முதலானோருக்கான ‘ஃபிஃபா 11+’ என்ற தயாரிப்புப் பயிற்சிக்குச் சிறுவர் வடிவமும் உண்டு.

விவாதங்கள்

எதிராளி இல்லாமல் கோன்களைச் சுற்றி அசைவுகளைத் திரும்பத் திரும்பச் செய்வது ஆட்டத்துக்கு உதவுமா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. எதிராளியின் அசைவைக் கண்டு எதிர்வினை புரிவதே திறனின் உயிர் என்பது ஒரு தரப்பு. பந்தைக் காலுக்கு வசப்படுத்தாத பிள்ளைக்கு எதிராளியைப் பார்க்கவே தலை நிமிராது என்பது மறுதரப்பு. நடைமுறையில் சில நிமிடங்கள் தனியே பழகி, பின் மெதுவாகத் தடுக்கும் இணையோடும், அதன் பின் முழுமையான மோதலிலும் இறங்கும் வரிசை இரண்டையும் இணைக்கிறது.

மதிப்பீடு

தாக்குபவரை மதிப்பிடும்போது எத்தனை முறை கடந்தார் என்பதோடு எத்தனை முறை முயன்றார், பழக்கமற்ற காலைப் பயன்படுத்தினாரா என்பதையும் குறிக்க வேண்டும். தடுப்பவரிடம் பறித்த பந்துகளைவிடத் தாமதப்படுத்திய தாக்குதல்களும், எதிராளியைத் தள்ளிய திசையும் அவர் கற்றதைக் காட்டும். பந்தை இழந்ததும் ‘பாஸ் பண்ணு’ என்று எல்லைக்கோட்டிலிருந்து எழும் கூச்சல், அடுத்த முறை முயலும் துணிவைப் பிள்ளையிடமிருந்து பறித்துவிடும். எந்த இடத்தில் இழப்பது அணிக்கு ஆபத்து, எந்த இடத்தில் துணிந்து கடக்கலாம் என்பதைப் பொறுமையாக விளக்குவது பயிற்சியாளரின் கடமை. தம் கோலுக்கு அருகில் நிதானமும் எதிராளி கோலுக்கு அருகில் துணிவும் வேண்டும் என்ற எளிய விதியை எட்டு வயதுப் பிள்ளையாலும் புரிந்துகொள்ள முடியும்.