ஈரலும் உணவும்: ஒரு நம்பிக்கையின் வரலாறு



வயிறு நிறைய உண்டபின் குடிப்பவனுக்கு மது தீங்கு செய்யாது என்பது மக்களிடையே வேரூன்றிய நம்பிக்கை. இதனை வெறும் அறியாமை என்று தள்ளிவிடல் இயலாது. ஒரு காலத்தில் அறிஞர் பலரும் ஏறக்குறைய இதனையே நம்பினர்.

நெஞ்சொலி கேட்கும் குழாயை ஆக்கிய பிரெஞ்சு மருத்துவர் லனெக், 1819ஆம் ஆண்டில், சுருங்கி முடிச்சு முடிச்சாய் இறுகிய ஈரலின் மஞ்சட்பழுப்பு நிறங்கண்டு, அந்நோய்க்குக் கிரேக்க மொழியினின்று 'சிரோசிஸ்' எனும் பெயரை அமைத்தார். குடிகாரரிடையே இந்நோய் மிகுதி என்பதை மருத்துவர் அறிந்திருந்தனர். ஆயினும், குடிப்பவருட் பலர் நல்லுணவின்றி வாடுபவருமாவர். அங்ஙனமாயின் ஈரலைக் கெடுப்பது மதுசாரமா, ஊட்டக் குறைவா?

இன்சுலினைக் கண்டறிந்தோருள் ஒருவரான கனடிய அறிஞர் சார்ள்ஸ் பெஸ்ற் என்பாரும் அவர்தம் துணைவரும் 1949இல் இவ்வினாவுக்கு விடை கூறினர். அவர்கள் சில எலிகளுக்கு மதுசாரத்தையும், வேறு சிலவற்றுக்குச் சீனியையும் ஊட்டினர். இரு திறத்தனவற்றின் ஈரல்களும் கெட்டன. உணவிலுள்ள கோலின் என்னும் பொருளைப் போதிய அளவு சேர்த்தபோது அக்கேடு தடுக்கப்பட்டது. எனவே, சீனியைவிட மதுசாரம் ஈரலுக்குத் தனி நஞ்சு என்பதற்குச் சான்றில்லை என்றனர். நல்லுணவே ஈரலுக்குக் காவல் என்ற எண்ணம் வலுப்பெற்றது.

இதனை ஐயுற்றவர் நியூ யோர்க்கில் ஆய்வு நடத்திய சார்ள்ஸ் லீபர். நீரிற் கலந்த மதுசாரத்தை எலிகள் விரும்பிப் பருகா; பருகும் சிறிதளவைக் கொண்டு தீர்ப்புக் கூறல் தகுமோ? அவர் ஊட்டம் நிறைந்த திரவ உணவிலே மதுசாரத்தைக் கலந்தார். 1974இல் வெளிவந்த அவரது ஆய்வில், அத்தகைய உணவைப் பல ஆண்டுகள் உண்ட பபூன் குரங்குகளின் ஈரல்களிற் கொழுப்புப் படிந்தது. சிலவற்றுக்குச் சிரோசிசும் உண்டாயிற்று. உணவிற் குறையில்லை, குற்றவாளி மதுசாரமே என்பது தெளிவாயிற்று.

பின்னர் உணவு வேறொரு வாயிலால் ஆய்வுக்கூடத்துட் புகுந்தது. மதுசாரத்தை ஈரலின் நொதியங்கள் முதலில் அசற்றலிடிகைட்டு என்னும் நச்சுப்பொருளாகவும், பின்பு தீங்கு குறைந்த அசற்றேற்றாகவும் மாற்றுகின்றன. இவ்விரு படிகளுக்கும் ஒரு துணை நொதியம் வேண்டும். அது செலவாகிச் செலவாகி மீளவேண்டும். சோளன் மணியின் புரதத்தைச் சிறு துண்டுகளாக்கினால் அலனின், லியூசின் ஆகிய அமினோ அமிலங்கள் மிக்க பெப்தைட்டுகள் கிடைக்கும். அலனின் அத்துணை நொதியம் மீள்வதற்கு உதவலாம் என்பது கருத்து. 1996இல் யப்பானிய அறிஞர் இவற்றை எலிகளுக்குக் கொடுத்தபோது, குருதியிலிருந்த மதுசாரம் தாழக் கண்டனர்.

இது மகிழ்தற்குரிய செய்தியே. ஆனால், குருதியில் மதுசாரம் விரைந்து குறைவது ஒன்று. ஆண்டுக்கணக்காகக் குடிப்பவனின் ஈரல் பிழைப்பது முற்றிலும் வேறொன்று. எலிகளின் ஈரலைக் கொண்டு மனிதரின் ஈரலுக்கு ஆறுதல் கூறிய பிழையை ஒருமுறை கண்டோம். பயறும் தானியமும் உடலை வளர்க்கும். குடிப்பதற்கு அனுமதிச் சீட்டு வழங்கா. ஈரலைக் காக்க விழைபவன் தட்டில் வைப்பதை எண்ணுமுன், கிண்ணத்தில் ஊற்றுவதை எண்ணுதல் வேண்டும்.